தந்தையின் இரகசியமும் மகளின் மரபணுவும்: இங்கிலாந்தின் 'ஏ.பி.சி.' வழக்கு குறித்த நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரி 28 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி யிப் அளித்த தீர்ப்பில், வழக்குத் தொடுத்த பெண் தோற்றார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்விக்கு அந்நாட்டுச் சட்டத்தில் முதன்முறையாக, வரம்புக்கு உட்பட்டதே என்றாலும், சாதகமான விடை கிடைத்தது. நோயாளியின் மரபணுச் சோதனை முடிவு அவருடைய பிள்ளைகளின் உடல்நலத்தையும் நேரடியாகப் பாதிக்கும் என்று தெரிந்த பின்னும், நோயாளி மறுக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவர் வாய்மூடி இருக்கலாமா என்பதே அந்தக் கேள்வி. வழக்குத் தொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க நீதிமன்றம் அவரை 'ஏ.பி.சி.' என்ற எழுத்துகளால் மட்டுமே குறித்தது. எதிர்த்தரப்பில், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் கீழ் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையை நடத்திய அறக்கட்டளையும் வேறு இரண்டு என்.எச்.எஸ். அறக்கட்டளைகளும் இருந்தன.

நடந்தவை

2007-இல் அப்பெண்ணின் தந்தை தம் மனைவியை, அதாவது அப்பெண்ணின் தாயை, சுட்டுக் கொன்றார். மனநிலை பாதிப்பால் குற்றப் பொறுப்பு குறைந்திருந்தது என்பதை ஏற்று, கொலைக் குற்றத்துக்குப் பதிலாக மரணம் விளைவித்த குற்றத்தின் கீழ் அவரைத் தண்டித்த நீதிமன்றம், சிறைக்கு அனுப்பாமல் மனநலச் சட்டத்தின்படி மருத்துவமனைக் காவலில் வைக்க உத்தரவிட்டது. அங்கே சிகிச்சை பெற்றுவந்தபோது அவருக்கு, மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் இருக்கலாம் என்ற ஐயம் மருத்துவர்களுக்கு எழுந்தது. 2009 நவம்பரில் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது.

இதே காலத்தில் மகளும் அம்மருத்துவ ஏற்பாட்டின் வட்டத்துக்குள் இருந்தார். தாயின் மரணத்துக்குப் பிறகு தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எஞ்சியிருந்த உறவைச் சீராக்கும் நோக்கில் ஏற்பாடு செய்யப்பட்ட குடும்ப ஆற்றுப்படுத்தலில் அவர் பங்கேற்றுவந்தார். அவர் கர்ப்பமாக இருந்ததும் தந்தையைக் கவனித்துவந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சோதனை முடிவை மகள்களிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் தந்தையிடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மகள்கள் மனமுடைந்துபோவார்கள், தற்கொலை செய்துகொள்ளக்கூடும், கருவைக் கலைக்கவும் கூடும் என்பவை அவர் சொன்ன காரணங்கள். மருத்துவக் குழுக்கள் தமக்குள் இதைப் பேசின. இறுதியில் சொல்வதில்லை என்ற முடிவே நிலைத்தது.

2010 ஏப்ரலில் அப்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், தந்தைக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் ஒருவர் வாய்தவறிச் சொன்னதன் மூலமாகவே அவர் தந்தையின் நோயை அறிந்தார். சொல்வதில்லை என்று யோசித்து எடுத்த முடிவு ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் ஒரு பேச்சின் நடுவே உடைந்தது. ஆபத்தைப் பற்றிய செய்தி, அதைத் தாங்கிக்கொள்ள உதவும் மரபணு ஆலோசகர் அருகில் இல்லாமல், முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தது. பல குழுக்களுக்குத் தெரிந்த ஒன்றை, அவர்கள் எல்லோருடனும் தொடர்பில் இருக்கும் ஒருவரிடமிருந்து மட்டும் மறைத்துவைப்பது நடைமுறையில் எத்தனை நாள் சாத்தியம் என்பதை, முடிவெடுத்தபோதே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2013-இல் அவரே சோதனை செய்துகொண்டார். நோய்க்கான மரபணு மாற்றம் அவரிடமும் இருந்தது.

நோயின் கணக்கு

நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வருவது எல்லோருக்கும் இயல்பு. அது எத்தனை முறை வருகிறது என்பதில்தான் நோய் இருக்கிறது. 26 முறை வரை வந்தால் கவலை இல்லை. 36 முதல் 39 வரை வந்தால் நோய் வரலாம், வராமலும் போகலாம். 40-ஐத் தொட்டுவிட்டால், வழக்கமான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். ஆய்வகம் தரும் அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று தாயிடமிருந்து வந்த பிரதி, மற்றொன்று தந்தையிடமிருந்து வந்த பிரதி. அவற்றில் ஒன்று மட்டும் 40-ஐத் தொட்டாலும் போதும். அந்த ஒரு பிரதி ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்ல இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தந்தை வழியாகச் செல்லும்போது எண்ணிக்கை மேலும் கூடி, அடுத்த தலைமுறையில் நோய் முன்னதாகவே தலைகாட்டுவதும் உண்டு.

பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே தொடங்கும் இந்நோயில் கைகால்கள் கட்டுப்பாடின்றி அசைவது வெளிப்படையான அறிகுறி. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எரிச்சல், மனச்சோர்வு, முன்பின் யோசிக்காத நடத்தை ஆகியவை தோன்றக்கூடும். நோயைத் தடுக்கவோ நிறுத்தவோ இதுவரை மருந்து இல்லை. இதற்குக் காரணமான மரபணு 1993-இல் கண்டறியப்பட்ட பிறகு நேரடிச் சோதனை எளிதாகிவிட்டபோதும், ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சோதனை செய்துகொள்ளாமலிருப்பதையே விரும்புகிறார்கள். தெரிந்துகொள்ளாமலிருக்கும் உரிமை என்று மருத்துவ அறவியலில் பேசப்படும் கருத்து, வேறு எந்த நோயையும்விட இந்நோயைச் சுற்றியே அதிகமாக வளர்ந்தது.

பிரிட்டனில் அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் 2018-இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறையும் இதை மனத்தில் கொண்டதே. அதன்படி நோய் அறிகுறி இல்லாதவர் செய்துகொண்ட முன்கணிப்புச் சோதனையின் முடிவைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கக் கூடாது. இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு: 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீடு கோருபவரின் ஹண்டிங்டன் சோதனை. தெரிந்துகொள்வதற்கு விலை உண்டு என்பதைச் சொல்லாமல் சொல்லும் விதி இது.

நீதிமன்றங்களின் வழி

அப்பெண்ணின் வாதம் இதுதான்: தந்தையின் நோயை உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் தாம் சோதனை செய்துகொண்டு, கருவைக் கலைத்திருப்பார், சொல்லாததால் இரண்டில் ஒரு பங்கு ஆபத்துள்ள குழந்தையைப் பெற்றெடுக்க நேர்ந்தது, அதன் பொருட்டான செலவுக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு வேண்டும். தம் தனிவாழ்வுக்கும் குடும்ப வாழ்வுக்கும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8-ஆம் உறுப்பு அளிக்கும் காப்பையும் அவர் துணைக்கு அழைத்தார்.

2015-இல் வழக்கு விசாரணைக்கே போகாமல் தள்ளுபடியானது. நோயாளியல்லாத ஒருவருக்கு மருத்துவர் கவனக் கடமைப்பட்டவர், அதாவது அவருக்குத் தீங்கு நேராமல் கவனமாக நடக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர் என்று சொல்வது நியாயமாகவோ ஏற்கத்தக்கதாகவோ இராது என்று நீதிபதி நிகோல் கருதினார். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு முழுமையாக விசாரிக்கத் தகுந்ததே என்றது. மருத்துவத் தரப்பு அடுக்கிய ஆட்சேபங்கள் சாமானியமானவை அல்ல. இரகசியம் காக்கப்படாது என்று தெரிந்தால் நோயாளிகள் மனம் திறந்து பேசமாட்டார்கள் என்பது ஒன்று; நோயாளிக்கும் உறவினருக்கும் இடையே மருத்துவர் சிக்கிக்கொள்வார் என்பது மற்றொன்று; கேட்க விரும்பாதவர் காதில் செய்தி திணிக்கப்படும் என்பது இன்னொன்று. நீதிபதி இர்வின் ஒவ்வொன்றாக எடுத்துப் பதிலளித்தார். அவர் சுட்டிய வேறுபாடு முக்கியமானது: மற்றத் துறை மருத்துவருக்கு நோயாளியின் உறவினரைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் ஊகம்; மரபணு மருத்துவரோ ஒரு குழாய் இரத்தத்திலிருந்து உறவினரின் உடல்நலம் பற்றிய திட்டவட்டமான, முக்கியமான உண்மையை அறிந்துவிடுகிறார்.

2019 நவம்பரில் தொடங்கிய முழு விசாரணைக்குப் பிறகு நீதிபதி யிப் மூன்று படிகளில் முடிவுக்கு வந்தார். முதற்படியில் கடமை உண்டு என்றார். ஆனால் அது 'சொல்லியே ஆக வேண்டும்' என்ற கடமை அல்ல. மகளின் அறியும் நலனை ஒரு தட்டிலும், தந்தையின் இரகசியத்தையும் மருத்துவ இரகசியம் காக்கப்படுவதில் உள்ள பொதுநலனையும் மறு தட்டிலும் வைத்து எடைபோடும் கடமை. உறவினர் என்றாலே இக்கடமை எழுந்துவிடாது. மருத்துவருக்கும் அவருக்கும் இடையே போதிய நெருக்கம் இருக்க வேண்டும். அவருக்குக் கடுமையான தீங்கு நேரும் ஆபத்து மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தந்தையின் சிகிச்சைக்குத் தலைமைப் பொறுப்பேற்றிருந்த மனநல மருத்துவக் குழு மகளை நன்கு அறிந்திருந்ததால், அந்நெருக்கம் இங்கே இருந்தது. இரண்டாம் படியில், எடைபோட்டுச் சொல்வதில்லை என்று எடுத்த முடிவைப் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஆதரிப்பர் என்பதால் கடமை மீறப்படவில்லை என்றார். மூன்றாம் படியில், சொல்லியிருந்தாலும் அப்பெண் கருவைக் கலைத்திருப்பார் என்பது நிறுவப்படவில்லை என்று முடித்தார்.

எடை போட்ட விதம்

கடமையை வகுத்த முதற்படியில் நீதிபதி புதிதாக எதையும் மருத்துவர்களின் தலையில் ஏற்றவில்லை. இங்கிலாந்துப் பொது மருத்துவக் கவுன்சில் 2009-இல் வெளியிட்ட இரகசியக் காப்பு வழிகாட்டுதலே, மரபணுத் தகவலைப் பகிர நோயாளி மறுத்தால் அவருடைய நலனையும் பிறரைத் தீங்கிலிருந்து காக்கும் பொறுப்பையும் எடைபோட வேண்டும் என்று சொல்லியிருந்தது. இயன்றால் நோயாளியின் அடையாளம் வெளிப்படாமல் சொல்லவும் அது அறிவுறுத்தியது. பெரிய குடும்பத்தில் தூரத்து உறவினருக்கு அவ்வாறு சொல்ல முடியும். தாய் இறந்து, தந்தை மருத்துவமனைக் காவலில் இருக்கும் பெண்ணிடம் 'உங்களுக்கு ஹண்டிங்டன் நோயின் ஆபத்து உண்டு' என்று சொன்னால், யாரிடமிருந்து வந்தது என்பதை அவர் ஊகிக்க ஒரு நொடியும் ஆகாது.

சிக்கல் இரண்டாம் படியில்தான் தொடங்குகிறது. மருத்துவரின் செயலைச் சக மருத்துவர்களின் அளவுகோலால் அளப்பது சிகிச்சை முறை பற்றிய வழக்குகளுக்குப் பொருந்தும். எந்த மருந்து, எந்த அறுவை என்பதில் மருத்துவருக்குத் தனியறிவு உண்டு. தந்தையின் விருப்பத்துக்கும் மகளின் தேவைக்கும் இடையே எது கனமானது என்பதில் அவருக்குத் தனியறிவு எதுவும் இல்லை. மகப்பேறு மருத்துவர் சொல்லத் தவறிய ஆபத்தைப் பற்றி 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், நோயாளிக்கு எது முக்கியம் என்பதே அளவுகோல், மருத்துவ வட்டாரத்தின் வழக்கம் அல்ல என்று தெளிவாகச் சொன்னது. நோயாளிக்குப் பொருந்தும் அந்தப் பார்வை, அவரைப் போலவே அத்தகவலைச் சார்ந்திருக்கும் மகளுக்கு ஏன் பொருந்தாமல் போக வேண்டும் என்பது தீர்ப்பைப் படித்து முடித்த பின்னும் எனக்கு விளங்கவில்லை.

இங்கே தகவல் யாருடையது என்ற கேள்வியும் வருகிறது. பிரிட்டன் அறிஞர்களான பார்க்கர், லூகாசன் இருவரும் 2004-இல், மரபணுத் தகவலைத் தனிநபரின் வங்கிக் கணக்காகப் பார்க்காமல் குடும்பத்தின் கூட்டுக் கணக்காகப் பார்க்கலாம் என்று முன்மொழிந்தார்கள். கூட்டுக் கணக்கில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் தடைபோட வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். பகிர்வதற்குக் காரணம் தேவையில்லை. தந்தையின் உடலில் இருக்கும் நோயும் அதன் அறிகுறிகளும் அவருடையவை, அவற்றை மறைக்க அவருக்கு முழு உரிமை உண்டு என்று ஏற்கலாம். ஆனால் இக்குடும்பத்தின் நான்காவது குரோமோசோமில் இப்படியொரு பிரதி ஓடுகிறது என்ற செய்தியை, அவர் மட்டுமே உடைமை கொண்டாட முடியாது. அவருடைய மறுப்பில் உள்ள ஒரு காரணம் இதைக் கூர்மையாக்குகிறது: மகள் கருவைக் கலைத்துவிடலாம் என்று அவர் அஞ்சினார். அது தம் இரகசியத்தைக் காப்பதற்கான காரணமல்ல. மகள் எடுக்க வேண்டிய முடிவைத் தாமே எடுத்துக்கொள்வதற்கான காரணம்.

இழப்பு என்று எதைச் சொல்வது

மூன்றாம் படிதான் இவ்வழக்கில் நான் மிகவும் தயங்கி நிற்கும் இடம். இதைப் புரிந்துகொள்ள நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நவம்பரில் சோதனை முடிவு வந்தபோது கர்ப்பம் ஏறக்குறைய பாதி காலத்தைக் கடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் பொதுவாக 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆக, மகளிடம் சொல்லி, ஆலோசனை அளித்து, அவர் இரத்தத்தைச் சோதித்து, நோய்க்கான பிரதி அவரிடம் இருப்பது தெரிந்தால் பனிக்குட நீரை எடுத்துக் கருவைச் சோதித்து, அதன் பிறகு முடிவெடுக்கவும் சில வாரங்களே இருந்தன. ஹண்டிங்டன் முன்கணிப்புச் சோதனைக்கு முன் அவசரமின்றிப் பல அமர்வுகளில் ஆலோசனை தருவதே உலகெங்கும் வழக்கம். அந்த நெருக்கடியில் அவர் உறுதியாகக் கருவைக் கலைத்திருப்பார் என்று, பின்னாளில் குழந்தையோடு வாழ்ந்துகொண்டு சொல்லும் சாட்சியத்தை வைத்து நிறுவுவது கடினம். அந்த அளவில் நீதிபதியின் முடிவைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் இழப்பைக் கருக்கலைப்பு நடந்திருக்குமா என்ற ஒரே கேள்வியாகச் சுருக்கியது, பழைய எச்சரிக்கைக் கடமை வழக்குகளின் வார்ப்பில் இதையும் ஊற்றியதால் வந்தது. 1976-இல் கலிஃபோர்னியாவில் டாரசாஃப் வழக்கில், நோயாளி கொல்வதாகச் சொன்ன பெண்ணைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை மனநல நிபுணர்களுக்கு உண்டு என்று தீர்ப்பானது. அங்கே எச்சரித்திருந்தால் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும். 1996-இல் நியூ ஜெர்சியில் சேஃபர் வழக்கில், பெருங்குடலில் பல கட்டிகளை உண்டாக்கும் பரம்பரை நோயால் தந்தை இறந்த பல ஆண்டுகளுக்குப் பின் மகளுக்கும் அதே புற்றுநோய் வந்தது. ஆபத்தில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேர மருத்துவர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கண்காணித்து, தக்க நேரத்தில் அறுவை செய்திருக்கலாம். ஓராண்டு முன் ஃப்ளோரிடாவில் இதைப் போன்ற ஒரு தைராய்டு புற்றுநோய் வழக்கில், நோயாளியிடமே சொல்லிவிட்டால் மருத்துவர் கடமை முடிந்தது என்று தீர்ப்பானது. ஏ.பி.சி. வழக்கில் அந்த வழியால் பயனில்லை. நோயாளியிடம் சொல்லியாயிற்று, தடையே அவரிடம்தான் இருந்தது.

ஹண்டிங்டனில் எச்சரிக்கை எந்த நோயையும் தடுக்காது. பிரதி வந்திருந்தால் அது கருவிலேயே வந்துவிட்டது. தெரிந்துகொள்வதால் கிடைப்பது தேர்வு மட்டுமே: சோதிப்பதா வேண்டாமா, இந்தக் கருவைத் தொடர்வதா, அடுத்த குழந்தையைக் கருச்சோதனையோடு பெறுவதா, வீட்டுக் கடனை எத்தனை ஆண்டுக்கு வாங்குவது, யாரிடம் எப்போது சொல்வது. அத்தேர்வு பறிபோனதே தீங்கு என்று கொண்டால், எந்தப் பக்கம் தேர்ந்திருப்பார் என்று நிறுவச் சொல்வது பொருந்தாது. இங்கிலாந்துச் சட்டத்துக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. விருப்பத்துக்கு மாறாகக் குழந்தை பிறந்த வழக்கொன்றில் 2003-இல், அப்போது நாட்டின் உச்ச முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தன் குடும்பத்தைத் தானே திட்டமிடும் வாய்ப்பை இழந்ததற்காக 15,000 பவுண்டை ஒரு நிலையான தொகையாக வழங்கியது. அதை இங்கே நீட்டிப் பார்த்திருக்கலாம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2014-இல் தீர்த்த வழக்கில், ஹண்டிங்டன் உள்ள ஒருவரின் மருத்துவர், நோயாளியின் இசைவோடு, மணவிலக்குப் பெற்ற மனைவியிடம் நோயைப் பற்றியும் பிள்ளைகளுக்குள்ள ஆபத்தைப் பற்றியும் சொன்னார். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்ததால் அவர்களைச் சோதிக்கவும் இயலாது. அந்தத் தாய் மனச்சோர்வுக்குள்ளாகி, சொன்னதற்காக வழக்குத் தொடுத்தார். மருத்துவர் பொறுப்பாளி அல்ல என்று தீர்ப்பானது. சொல்லாததற்கும் வழக்கு, சொன்னதற்கும் வழக்கு என்ற நிலையில் மருத்துவர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் எடைபோடும் கடமை என்ற வடிவம் நல்லது என்கிறேன். எடை போட்டதற்கான காரணங்கள் எழுத்தில் இருக்க வேண்டும், மகளின் நிலையிலிருந்து பேச அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தால் அது இன்னும் உறுதிப்படும்.

இந்தியாவில் இப்படியொரு வழக்கு வந்தால்

எச்.ஐ.வி. குறித்த ஒரு வழக்கே நமக்கு மிக அருகில் உள்ள முன்னுதாரணம். வேறொருவருக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இரத்தம் கொடுக்க வந்தவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. செய்தி வெளியே தெரிந்து அவருடைய திருமணம் நின்றுபோனது. அவர் தொடுத்த வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலத்தைக் காப்பதற்காகச் சொன்னதைத் தவறெனக் கொள்ள முடியாது என்றது. அதுவும் தடுக்கக்கூடிய ஆபத்தைப் பற்றிய தீர்ப்புதான். 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறைகளில் 7.14-ஆவது விதி, குறிப்பிட்ட ஒருவருக்குக் கடுமையான, அடையாளம் காணக்கூடிய ஆபத்து இருந்தால் நோயாளியின் இரகசியத்தை வெளியிட இடம் தருகிறது. இடம் தருகிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. சக மருத்துவர்களின் அளவுகோலை ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றிருப்பதால், யிப் தீர்ப்பின் இரண்டாம் படியில் இங்கும் வழக்காளி தடுக்கி விழவே வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் படி இங்கே இன்னும் கடினம். 2009-இல் இந்தியச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 20 வாரம்; அப்பெண் இந்தியாவில் இருந்திருந்தால், தந்தையின் அறிக்கை வந்த அந்த மாதத்திலேயே கதவு ஏறக்குறைய சாத்தப்பட்டிருக்கும். 2021-இன் திருத்தம் சில வகையினருக்கு 24 வாரம் வரை நீட்டித்திருக்கிறது. அதன் விதிகள், பிறந்தால் கடும் உடல் அல்லது மனக் குறைபாட்டால் அவதிப்படக்கூடிய கருவையும் அவ்வகையில் சேர்க்கின்றன. 24 வாரத்துக்கு மேல் கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் கலைக்க அனுமதிக்கலாம். பிறக்கும்போது எந்தக் குறையுமின்றிப் பிறந்து, நாற்பது வயதுவரை நலமாக வாழக்கூடிய குழந்தையின் ஹண்டிங்டன் பிரதியை இவ்விதிகளின் கீழ் எப்படி வகைப்படுத்துவது என்பதற்குச் சட்ட வாசகத்தில் நேரடியான விடை இல்லை. அது அந்தந்த மருத்துவரும் வாரியமும் அந்தந்த வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டிய கேள்வியாகவே விடப்பட்டிருக்கிறது.